விடுதியில் சிறு வயதில் நடந்த கொடுமை: இத்தனை வருடம் கழித்துப் புகார் கொடுக்க முடியுமா?

கேள்வி: கடலோரப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். பெயர் போடவில்லை, மன்னிக்கவும். வயது 25. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன்.

நான் நாலாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அம்மா கூலி வேலைக்குப் போய் என்னையும் தங்கச்சியையும் பார்த்துக்கொண்டார். முடியாமல், 2011 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு என்னைக் கடலூர்ப் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்தும் விடுதியில் சேர்த்துவிட்டார். சாப்பாடு, தங்குமிடம், நோட்டுப் புத்தகம் எல்லாம் இலவசம். படிப்பு பக்கத்திலிருந்த பள்ளியில்.

அந்த விடுதி வார்டன் என்னிடம் தவறாக நடந்தார். பலமுறை. விவரத்தை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. வெறும் தொடுதலோடு நிற்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது முழுப்பரீட்சை முடிந்ததும் அழுது அடம்பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

நடுவில் ஒருநாள் சமையல்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் தாளாளரிடம் போய்ச் சொன்னார். தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "வெளியே சொன்னால் உன் அம்மாவுக்குத்தான் அசிங்கம், அடுத்த வேளை சோற்றுக்கு எங்கே போவாய்?" என்று கேட்டார். அடுத்த மாதமே அந்தச் சமையல்கார அம்மா வேலையில் இல்லை. வார்டன் இருந்தார்.

போன மாதம் பேஸ்புக்கில் அந்த விடுதியின் ஆண்டு விழாப் படம் கண்ணில் பட்டது. அதே ஆள் மேடையில் நிற்கிறார், சுற்றிலும் சின்னப் பையன்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கோர்ட்டில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரிடம் "ஒரு நண்பனுக்காக" என்று விசாரித்தேன். மூன்று வருடத்தில் எல்லாம் காலாவதி, மெடிக்கல் ரிப்போர்ட் இல்லாமல் ஒன்றும் நிற்காது, அதிலும் ஆம்பளைப் பையனுக்குச் சட்டமே கிடையாது என்றார். இது உண்மையா? புகார் கொடுப்பதென்றால் அந்த ஊர் ஸ்டேஷனுக்கே போக வேண்டுமா? என் பெயர் வெளியே வருமா? தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். காப்பாற்றாமல் விட்ட அந்தத் தாளாளரையும் அறக்கட்டளையையும் ஏதாவது செய்ய முடியுமா? பணத்துக்காகக் கேட்கவில்லை.

பதில்: முருகன் அடிமை

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கல்யாணம் நெருங்கும் நேரம். கோர்ட்டு கேஸு என்று இறங்கினால் வருடக்கணக்கில் இழுக்கும், பெண் வீட்டில் என்ன நினைப்பார்களோ? அந்த ஆளின் போட்டோவைப் பெயரோடு பேஸ்புக்கில் போட்டுவிடுங்கள், ஊரே பார்த்துக்கொள்ளும். இல்லை, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்து அந்த அறக்கட்டளையிடம் பேசி அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

பதில்: வக்கீல் அக்கா

கடலோரப் பையன் தம்பிக்கு. நான் மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீல். போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், அந்த வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று அரசு வக்கீலுக்கு உதவுவதுதான் பல வருடமாக என் முக்கிய வேலை. நீங்கள் கேட்டுவந்த மூன்றுமே தவறு.

முதலில் அந்த மூன்று வருடக் கணக்கு. அது சின்னக் குற்றங்களுக்கானது. அதிகபட்சத் தண்டனை 3 வருடம் வரை உள்ள குற்றங்களுக்குத்தான் காலவரம்பு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக இப்போது உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 514. அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு வரம்பே இல்லை. போக்சோ குற்றத்தைப் பாதிக்கப்பட்டவர் எந்த வயதிலும் புகார் செய்யலாம் என்று 2018 அக்டோபரில், சட்ட அமைச்சகத்திடம் கருத்துக் கேட்டு, மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமே அறிவித்தது.

இனி நீங்கள் நன்றாக யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை. அதாவது தீபாவளிக்கு மறுநாள். அப்போது நீங்கள் ஏழாவது. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும் அது தொடர்ந்ததா? இந்தக் காலத்து வழக்கு எது வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

ஏன் என்றால், ஒரு செயல் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் தண்டிக்க முடியும். அரசியல் சாசனம் 20ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. தீபாவளிக்கு முன்பு நடந்தவற்றுக்கு ஐ.பி.சி. என்ற பழைய தண்டனைச் சட்டம் மட்டும்தான். அதில் பாலியல் வன்கொடுமைப் பிரிவு பெண்களுக்கு மட்டுமானது. பையன்களுக்கு இருந்தது இயற்கைக்கு மாறான உறவு பற்றிய 377 ஒன்றுதான். ஆயுள் வரை தண்டனை உள்ள பிரிவு அது, ஆகவே காலவரம்பு பிரச்சினை இல்லை. 2018ல் உச்ச நீதிமன்றம் அதில் நீக்கியது வயது வந்தோர் மனமொத்து நடந்துகொள்வதைத்தான், குழந்தைகள்மீது நடந்த குற்றத்தை அல்ல. ஆனால் 377க்குள் வராத தொந்தரவுகளுக்கு, அதுவும் பையனுக்கு நடந்தால், அன்றைய சட்டத்தில் உருப்படியாக ஒரு பிரிவும் இல்லை. எத்தனை பையன்களுக்கு இந்த ஓட்டையால் நியாயம் கிடைக்காமல் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்காது.

தீபாவளிக்குப் பிறகு நடந்தவை எல்லாம் போக்சோவில் வரும். அதில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது, 18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும் குழந்தை. குழந்தைக்குச் சேவை தரும் நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ செய்தால், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால், திரும்பத் திரும்பச் செய்தால், அது தீவிரக் குற்றம் என்கிறது 5ஆம் பிரிவு. உங்கள் விஷயத்தில் மூன்றும் பொருந்துகிறது. அன்றைய நிலவரப்படி குறைந்தபட்சம் 10 வருடம், அதிகபட்சம் ஆயுள். 2019 திருத்தத்தில் குறைந்தபட்சம் 20 வருடமாக்கி மரண தண்டனையும் சேர்த்தார்கள், அது முன்பு நடந்ததற்குப் பொருந்தாது. 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி. போய் பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டம் வந்துவிட்டதால் பழைய குற்றங்கள் செத்துவிட்டன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய குற்றத்துக்குப் பழைய சட்டம் உயிரோடுதான் இருக்கிறது.

அடுத்து மெடிக்கல் ரிப்போர்ட். இத்தனை வருடம் கழித்து உடம்பில் எந்தத் தடயமும் இருக்காது என்று நீதிபதிக்கும் தெரியும். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதும், பாலியல் குற்றத்தில் தாமதமாகப் புகார் கொடுத்ததையே காரணம் காட்டி வழக்கைத் தள்ளக்கூடாது என்று 1996லேயே பஞ்சாப் அரசு எதிர் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தாமதத்துக்கு விளக்கம் புகாரிலேயே இருக்க வேண்டும். தாளாளர் மிரட்டியது, அம்மாவின் நிலைமை, அந்தப் படத்தைப் பார்த்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். அதுதான் உங்கள் விளக்கம், வேறு எதையும் ஜோடிக்கத் தேவையில்லை.

முருகன் அண்ணா சொன்ன இரண்டுக்கும் வருகிறேன். நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனாலும் இரண்டும் வேண்டாம். பேஸ்புக்கில் போட்டால் அந்த ஆள் மறுநாளே உஷாராவார். விடுதி வருகைப் பதிவேடு, வார்டன் டூட்டி நோட்டு எல்லாம் காணாமல் போகும். அவதூறு வழக்கும் போடுவார். முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில், அவர்மீது பாலியல் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணியை 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் விடுதலை செய்தது, எத்தனை வருடம் கழித்தும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றும் சொன்னது. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் அதுவரை இரண்டு வருடத்துக்கு மேல் குற்றவாளிக் கூண்டில் நின்றது அவர்தான். நீங்கள் அந்த இடத்தில் நிற்க வேண்டாம். முதலில் எஃப்.ஐ.ஆர்.

பஞ்சாயத்து பேசுவது இன்னும் மோசம். ராஜஸ்தானில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்மீது வந்த வழக்கை, மாணவியின் குடும்பம் சமாதானமாகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்து, இது இரண்டு பேருக்குள் முடிந்துபோகும் தகராறு அல்ல என்று வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. நாலு பேர் உட்கார்ந்து அந்த ஆளை அனுப்பிவிட்டால் அடுத்த மாவட்டத்தில் வேறொரு விடுதியில் சேருவார். அவ்வளவுதான் நடக்கும்.

தீபாவளி விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள், மீதியை அப்புறம் எழுதுகிறேன். இங்கே விவரம் வேண்டாம், ஆம் அல்லது இல்லை போதும்.

பதில்: கடலோரப் பையன்

அக்கா, ஆம். அந்தத் தீபாவளிக்கு மாமா வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன், அந்த வாரமே நடந்தது. சட்டை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு பொங்கலுக்கு முன்பும், கடைசியாக முழுப்பரீட்சை சமயத்திலும்.

முதல் தடவை எந்தத் தேதி என்று கேட்டால் தெரியாது. தானே புயலில் விடுதியின் பின்பக்கக் கூரை பறந்துபோய், எங்களையெல்லாம் ஒரே ஹாலில் படுக்க வைத்தார்கள். அந்தச் சமயத்தில் ஆரம்பித்தது.

பதில்: வக்கீல் அக்கா

தம்பி, தேதி தெரியவில்லை என்று கவலைப்படாதீர்கள். தானே புயல் கடலூரில் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலை. ஒரு சிறுவனுக்கு நாள்காட்டி இருக்காது, இப்படித்தான் ஞாபகம் இருக்கும். புகாரிலும் இப்படியே எழுதுங்கள். "12.11.2012 இரவு 10 மணி" என்று உறுதியில்லாமல் ஒரு தேதியைப் போட்டுவிட்டால், குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். புயல், தீபாவளிச் சட்டை, பொங்கல், முழுப்பரீட்சை. உங்களுக்குத் தெரிந்தது எதுவோ அது மட்டும். புகாரை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். சட்டப் பிரிவு எதுவும் போட வேண்டாம், அது போலீஸ் வேலை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: நீங்கள் படித்த அந்தப் பள்ளியின் டி.சி., அதில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வயதுக்கு அதுதான் ஆதாரம். விடுதியில் எடுத்த குரூப் போட்டோ ஏதாவது அம்மாவிடம் இருந்தால் அதுவும். அந்தச் சமையல்கார அம்மா உங்கள் வழக்கின் மிக முக்கியமான சாட்சி. அவர் பெயரும் ஊரும் ஞாபகம் இருந்தால் புகாரில் எழுதுங்கள். ஆனால் நீங்களாகத் தேடிப்போய்ப் பேசாதீர்கள். சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்தார்கள் என்று பிறகு பேச்சு வரும். உடன் இருந்த பையன்களுக்கும் இதே விதிதான்.

அந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 173. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். நம் மாநிலத்தில் போக்சோ புகார்களைப் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையம்தான் பார்க்கிறது, பையன்களுடையதையும் சேர்த்து. திருப்பூரிலேயே கொடுங்கள், அவர்கள் கடலூருக்கு மாற்றுவார்கள்.

ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "இவ்வளவு பழசா?" என்று இழுப்பார்கள். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். அல்ல. அதை வாங்கிக்கொண்டு நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். போக்சோ குற்றத்தைப் பதிவு செய்யாமல் விடும் அதிகாரிமீதே போக்சோ 21ஆம் பிரிவில் வழக்கு வரும் என்று மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். அப்போதும் பதியவில்லையா, அதே புகாரை எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3) பிரிவில் மனு. எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு அதன் நகல் இலவசம், 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று அவர்களே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு வாக்குமூலம், 183ஆம் பிரிவில். அன்றைக்கு நிதானமாகப் பேசுங்கள், அந்தக் காகிதம் வழக்கு முழுவதும் உங்கள்கூட வரும்.

பெயர் விஷயம். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்கிறது போக்சோ 23 மற்றும் 33(7). இப்படிப்பட்ட எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றக்கூடாது என்று 2018ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியும் 2024 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். வெளியே வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். நடக்கவே நடக்காது என்று நான் வாக்குத் தர மாட்டேன். புகாரிலேயே "என் பெயரையும் முகவரியையும் ரகசியமாக வைக்க வேண்டும்" என்று ஒரு பத்தி சேருங்கள்.

தாளாளர். இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்தும் சொல்லாமல் மறைத்ததற்கு 21ஆம் பிரிவில் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரைதான் சிறை. தண்டனை சிறியது, அதனால் காலவரம்பு அதற்கு உண்டு. உங்கள் காலத்துத் தவறுக்கு அந்தப் பிரிவு மட்டும் போட்டால் அடிபட்டுப் போக வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்கள் அவரிடம் சொன்ன பிறகும் தொடர்ந்ததா, அதுவும் தீபாவளிக்குப் பிறகா என்பது முக்கியம். குழந்தையைக் காப்பாற்றும் கடமை இருந்தும் வேண்டுமென்றே சும்மா இருந்தார், சொன்னவரையும் வேலையிலிருந்து அனுப்பினார் என்றால் அது உடந்தை ஆகுமா என்று விசாரிக்கச் சொல்லலாம். உடந்தைக்கு 17ஆம் பிரிவில் குற்றம் செய்தவருக்கான தண்டனையே. நிரூபிப்பது சுலபம் இல்லை, ஆனாலும் கேட்க வேண்டும் என்பேன்.

மறைப்பவர்களை நீதிமன்றங்கள் இப்போது எளிதில் விடுவதில்லை. மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதியில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கொடுமை நடந்தது. அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கு விஷயம் தெரிந்தும் சொல்லவில்லை என்று வழக்கு. அவர்மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்ப உயிர் கொடுத்தது. நம் கிருஷ்ணகிரியில் 2024 ஆகஸ்டில், மாணவிகளுக்குப் பாலியல் கொடுமை நடந்த போலி என்.சி.சி. முகாம் விவகாரத்தில் பள்ளி முதல்வரையே கைது செய்தார்கள்.

பணத்துக்காக இல்லை என்றீர்கள். புரிகிறது. இருந்தாலும் இழப்பீடு உங்கள் உரிமை, பிச்சை இல்லை. சிறப்பு நீதிமன்றம் வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு தரலாம், அரசு கொடுக்க வேண்டும். 2018ல் வந்த தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் திட்டத்தில் இந்த மாதிரிக் கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், பாதிக்கப்பட்டவர் சிறாராக இருந்தால் ஒன்றரை மடங்கு. திட்டம் பெண்களுக்காக எழுதப்பட்டது, ஆனால் போக்சோ நீதிமன்றங்கள் பையன்களுக்கும் அதையே வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அறக்கட்டளைமீது தனியாக சிவில் வழக்கு என்றால், அந்தக் கதவு மூடிவிட்டது. சிறாருக்கு 18 வயதானதிலிருந்து அதிகபட்சம் மூன்று வருடம்தான், உங்களுக்கு 21 தாண்டிவிட்டது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019ல் சட்டம் போட்டு, காலாவதியான வழக்குகளையும் குறிப்பிட்ட காலத்துக்குள் தொடுக்க வழிவிட்டது. சிறு வயதில் பாதிக்கப்பட்டவர்கள் பெரியவர்களாகி அந்த நிறுவனங்களையே கேள்வி கேட்டார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நான் போகும் மேடையெல்லாம் சொல்லி வருகிறேன். அரசு நடத்தும் இல்லத்தில் பாதிக்கப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் நிலைமை வேறு: உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு அரசிடமே இழப்பீடு கேட்கலாம்.

வக்கீல் செலவுக்கு யோசிக்காதீர்கள். வழக்கை நடத்துவது அரசு வக்கீல். கூட உதவிக்கு உங்களுக்கென்று ஒருவர் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள், இலவச சட்ட உதவி எண் 15100க்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். வருமான வரம்பு பார்ப்பார்கள், எஸ்.சி., எஸ்.டி. என்றால் வரம்பும் கிடையாது. யாராவது மிரட்டினால் 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் பாதுகாப்புக் கேட்கலாம்.

பதில்: மலர்க்கொடி

தம்பி, நான் பேசுவது சட்டம் இல்லை. நானும் ஒரு பள்ளி விடுதியில் பாதிக்கப்பட்டவள். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புகார் கொடுத்தேன். கீழ்க்கோர்ட்டில் தண்டனை ஆகிவிட்டது, மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது.

சம்மன் கொண்டுவருபவர் யூனிபாரத்தில் உங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அதனால் எஃப்.ஐ.ஆர். போட்ட அன்றே விசாரணை அதிகாரியிடம் உங்கள் செல் நம்பரைக் கொடுத்து, போன் செய்தால் நானே ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள்.

கோர்ட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். காலையிலேயே போய் உட்கார்ந்தால் மத்தியானம் கூப்பிடுவார்கள், இல்லை வாய்தா போடுவார்கள். அந்த ஆளின் சொந்தக்காரர்கள் எதிரே டீக்கடையில் நின்று உங்களையே பார்ப்பார்கள். அந்தக் காத்திருப்புதான் எனக்குச் சாட்சி சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. என் சித்தி ஒவ்வொரு தடவையும் கூட வந்தார், வாயே திறக்க மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சாட்சி சொல்லும்போது உள்ளே பொதுஜனம் யாரும் இருக்க மாட்டார்கள், கதவை மூடிவிடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று சுற்றிச் சுற்றி அதையே கேட்டார். பயந்தேன் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். வேறு பதில் என்னிடம் இல்லை. ஒரு கட்டத்தில் நீதிபதியே போதும் என்று நிறுத்தினார்.

கல்யாணப் பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நான் என் கணவரிடம் நிச்சயத்துக்கு முன்பே சொன்னேன். அவர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து போன் பண்ணி, அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டார்.

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், காசு கிடையாது. புகார் கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் அங்கே பேசுங்கள்.

பதில்: இல்லப் பார்வையாளர்

குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எல்லோரும் தம்பியின் வழக்கைப் பற்றிப் பேசினோம், சரி. அந்த மேடையில் நின்ற பையன்கள் இன்று இரவும் அங்கேதான் தூங்கப் போகிறார்கள்.

அவர் புகார் கொடுக்கத் தயாராக ஆறு மாதம் ஆகலாம், கொடுக்காமலும் போகலாம். அது அவர் உரிமை, அவரை யாரும் நெருக்கக் கூடாது. ஆனால் அந்த இல்லத்தின் பெயரையும் வார்டன் யார் என்பதையும் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல எஃப்.ஐ.ஆர். தேவையில்லை, சொல்பவர் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் எழுதலாம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 41ஆம் பிரிவில் பதிவு வேண்டும். சாதாரண விடுதி என்று சொல்லித் தப்பப் பார்த்தால், நம் மாநிலத்தின் 2014 விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டத்தில் உரிமம் வேண்டும். இரண்டும் இல்லாமல் நடக்கும் இடங்களை நானே பார்த்திருக்கிறேன்.

பீகார் முசாபர்பூரில் சிறுமிகள் இல்லம் ஒன்றில் பாலியல் கொடுமை நடந்ததே, அங்கே என்ன ஆனது? அந்த இல்லத்துக்கு அதிகாரிகள் போகாமல் இல்லை, போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு தணிக்கைக்குப் போய், இல்லத்து ஆட்கள் இல்லாமல் பிள்ளைகளிடம் பேசியது. 2018ல் அந்தக் குழுவின் அறிக்கையால்தான் வெளியே வந்தது. உச்ச நீதிமன்றம் வழக்கை டெல்லிக்கு மாற்றியது, 2020ல் இல்லத்தை நடத்தியவர் உட்பட 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அவருக்கு ஆயுள். அதனால் நீங்கள் புகார் எழுதும்போது, "முன்னறிவிப்பு இல்லாமல் போங்கள், பையன்களிடம் தனியாகப் பேசுங்கள், அந்த வார்டன் பக்கத்தில் இருக்கக் கூடாது" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

வக்கீல் அக்காவிடம் ஒரு சந்தேகம்: 1098 தகவல் முதலில் போனால் அந்த ஆள் உஷாராகிவிட மாட்டாரா?

பதில்: வக்கீல் அக்கா

ஆவார். அதனால் முடிந்தால் இரண்டும் ஒரே நாளில் நடப்பது நல்லது: காலையில் எஃப்.ஐ.ஆர்., அதன் நகலோடு அன்றே குழந்தைகள் நலக் குழுவுக்கு மனு. அது முடியாது, தம்பிக்கு இன்னும் நாள் வேண்டும் என்றால், பதிவேடு போனாலும் போகட்டும், 1098 தான் முதலில். உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: கடலோரப் பையன்

எல்லோருக்கும் நன்றி. முருகன் அண்ணா, உங்கள்மீது கோபம் இல்லை.

நேற்று இரவு 14416ல் பேசினேன். இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் 1098க்குப் போன் செய்து இல்லத்தின் பெயரைக் கொடுத்துவிட்டேன், காத்திருக்க மனம் ஒப்பவில்லை. புகாரைப் புயலில் கூரை பறந்ததிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறேன், இரண்டு பக்கம் வந்திருக்கிறது. டி.சி. அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், அதை எடுக்கும்போது அம்மாவிடமும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஸ்டேஷனுக்குத் தங்கச்சி கூட வருகிறாள், அவளிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா, சமையல்கார அம்மாவின் முழுப் பெயர் தெரியாது. நாங்கள் கூப்பிடும் பெயரும், அவர் பண்ருட்டிப் பக்கம் என்பதும்தான் தெரியும். அது போதுமா?

பதில்: வக்கீல் அக்கா

போதும். கூப்பிடும் பெயர், ஊர்ப் பக்கம், எந்த வருடம் வேலை பார்த்தார், எந்தச் சமயத்தில் அனுப்பப்பட்டார் என்று எழுதுங்கள், கண்டுபிடிப்பது போலீஸ் பொறுப்பு. 1098க்குப் பேசிய நேரத்தையும் பேசியவர் சொன்ன விவரத்தையும் குறித்து வையுங்கள். டி.சி. அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். ஸ்டேஷனில் ஏதாவது தடங்கல் வந்தால் அங்கிருந்தே இங்கே ஒரு வரி போடுங்கள், திருப்பூரில் எனக்குத் தெரிந்த வக்கீல் தோழி ஒருவர் இருக்கிறார், அன்றைக்கு உங்கள்கூட வரச் சொல்கிறேன்.